பல்பைக் கழற்றிவிட்டேன், வயரை வைத்துக்கொண்டேன்

என் காரின் முகப்பு விளக்குகளுக்கென ஒரே பெட்டியில் வரும் மாற்றுத் தொகுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன. ஹெச்4 வகை (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் உள்ள) ஹாலஜன் பல்புகளுக்குப் பதிலாக இரண்டு எல்.இ.டி. பல்புகள், பம்பரில் ஒட்டுவதற்கு ஒரு ஜோடி டி.ஆர்.எல். (பகலில் எரியும் விளக்கு) பட்டைகள், ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) ஃபியூஸும் கோத்த தனி வயர் கட்டு ஆகியவை அதில் இருந்தன. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருந்தது பல்பின் பெருமை மட்டுமே. எனக்குப் பயன்பட்டதோ, அடியில் சுருட்டிக் கிடந்த அந்த வயர் கட்டுதான்.

முதலில் பல்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொருத்திய அன்றிரவு வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தபோது வெளிச்சம் பளீரென்றிருந்தது. ஆனால் ஹாலஜனில் கோடு கிழித்தாற்போல் தெரிந்த மேல் விளிம்பு கலைந்து, ஒளி மேலே சிதறியிருந்தது. ஹெச்4 ஹாலஜனுக்குள் டிம்முக்கான இழைக்குக் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு; ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு ஒளி போகாமல் அது தடுப்பதால்தான் எதிரே வருபவரின் கண் தப்புகிறது. அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரின் வளைவு அமைக்கப்பட்டிருக்க, எல்.இ.டி. பல்பில் சில்லுகள் ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டப்பட்டிருப்பதால், தகடு சற்றுத் தடித்திருந்தாலோ பல்பு சற்றுத் திரும்பியிருந்தாலோ அந்தக் கணக்கு பிசகிவிடுகிறது. நான் டிம்மில்தான் போனேன். எதிரே வந்த லாரிக்காரர் மூன்று முறை பிரைட் அடித்துக் காட்டினார். மறுநாள் பல்பின் வளையத்தைத் தளர்த்தி, சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படித் திருப்பி வைத்த பின் நிலைமை பாதி சரியானது, அவ்வளவுதான். மழை இரவிலோ இன்னும் மோசம்: வண்டிக்கு மிக அருகே தரை வெள்ளையாக மின்னியதில் கண் அதற்கே பழகிவிட, தொலைவில் இருந்த வளைவு இருட்டாகவே தெரிந்தது.

ஆகவே பழைய ஹாலஜனையே திரும்ப மாட்டி, வயர் கட்டை மட்டும் பொருத்தினேன். என் வண்டியில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் மெல்லிய வயர் வழியாக ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன், பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பு சாக்கெட்டில் 12.3 வோல்ட். பேட்டரியிலிருந்து நேராக ரிலே வழியாக மின்சாரம் கொடுத்த பிறகு சாக்கெட்டில் 13.5 வோல்ட் கிடைத்தது. இது பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். ஹாலஜனின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும்; அதாவது மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலே ஒளி நிறையக் கூடும். அந்தக் கணக்கில் அதே 55 வாட் பல்பு எனக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வெளிச்சம் தருகிறது, எதிரே வருபவரின் கண்ணும் கூசவில்லை. பல்பின் ஆயுள் சற்றுக் குறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை. எர்த் வயரைத் துருப்பிடித்த போல்ட்டில் முறுக்கினால் இந்தப் பலன் கிடைக்காது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டே முறுக்க வேண்டும்.

டி.ஆர்.எல். பட்டைகள் இரண்டுங்கெட்டான். ஐ.நா.வின் 87ஆம் எண் விதிமுறை பகல் விளக்குக்கு 400 முதல் 1,200 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) வரை வரம்பு வைத்து, தேறியவற்றில் ஆர்.எல். என்ற குறியையும் இடச் சொல்கிறது. இந்தப் பட்டையில் அந்தக் குறியைத் தேடியும் காணவில்லை. பகலில் நன்றாகவே தெரிகிறது. இரவில் ஹெட்லைட் எரியும்போது அது அணையவோ மங்கவோ வேண்டும். அதற்கான மெல்லிய வயரைப் பார்க்கிங் விளக்கில் இணைக்காமல், பொருத்திக் கொடுத்தவர் டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார். பட்டை பேட்டரியின் மின்னழுத்தத்தை உணர்ந்து தானே எரியும் வகை என்பதால், எஞ்சினை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் எரிந்துகொண்டிருந்தது. இக்னிஷன் ஃபியூஸிலிருந்து இணைப்புக் கொடுத்த பின்புதான் அடங்கியது. இடதுபுறப் பட்டைக்குள் இரண்டாவது மாதமே நீர்த்துளி கோத்துக்கொண்டது.

விளக்கின் கோணத்தைச் சரிசெய்வது பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. டிம்மின் மேல் விளிம்பு 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விளக்கின் உயரத்தைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற பொதுவான அளவை வைத்து நானே திருகிச் சரிசெய்தேன்.

ஐந்துக்கு மதிப்பெண் போட்டால் பல்புக்கு ஒன்று, பட்டைக்கு இரண்டரை, வயர் கட்டுக்கு நாலரை. நண்பர் ஒருவரின் வண்டிக்காக வயர் கட்டை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று விற்றவரிடம் எழுதிக் கேட்டேன்; பல்போடு சேர்த்துத்தான் தருவோம் என்று பதில் வந்தது.