ப்ளீச்சிங், காம்போசிட், வெனீர்: காபியும் கடியும் எதை என்ன செய்யும்?

பல்லை அழகுபடுத்திக்கொண்டு கிளினிக்கை விட்டு வெளியே வருபவர் கையில் தரப்படும் தாளில் பெரும்பாலும் ஒரே மூன்று வரிகள்தான் இருக்கும்: காபி, டீ வேண்டாம், கெட்டியானதைக் கடிக்காதீர்கள், புளிப்பைக் குறையுங்கள். தப்பில்லை. ஆனால் எதற்கு எந்த வரி முக்கியம் என்று அந்தத் தாள் சொல்வதில்லை. பல்லை வெளுக்கும் ப்ளீச்சிங்குக்குச் சாயம் பகை, அதுவும் சில நாளுக்குத்தான். பல்லில் குழைத்து வைக்கும் காம்போசிட்டுக்கும் சாயமே பகை, ஆனால் அது போட்டிருக்கும் காலம் முழுவதும். பல் மேல் ஒட்டும் பீங்கான் வெனீருக்குச் சாயம் ஒரு பொருட்டில்லை. அதைக் கெடுப்பது கடி. எனவே எதைச் செய்துகொள்வது என்று யோசிக்கும்போதே, தினமும் என்ன குடிக்கிறோம், எப்படிக் கடிக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

ப்ளீச்சிங்கில் பல் மேல் எதையும் ஒட்டுவதில்லை. கிளினிக்கில் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல், வீட்டில் ட்ரேயில் (பல் வரிசை மேல் மாட்டிக்கொள்ளும் உறை) போட்டுக்கொள்ள வழக்கமாக 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு (ஹைட்ரஜன் பெராக்சைடு கணக்கில் சுமார் 3.5 சதவீதம்). இந்தப் பெராக்சைடு பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலுக்குள் இறங்கி நிறத்தை உடைக்கிறது. காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த குழைவு. பல்லில் வைத்து, நீல ஒளியில் இறுக்கி, செதுக்கி, மெருகேற்றுவார்கள். வெனீர் என்பது 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள பீங்கான் ஓடு. பல்லின் முன்பக்கத்தைச் சற்றே சீவிவிட்டு, பிசின் சிமெண்டால் ஒட்டப்படுவது.

ஒரு கோப்பை காபி

ப்ளீச்சிங் முடிந்த அன்று கண்ணாடியில் தெரிகிற வெண்மையை அப்படியே நம்பக்கூடாது. அதில் ஒரு பங்கு, பல் ஈரம் இழந்து உலர்ந்ததால் வந்தது. சிலருக்குச் சுண்ணாம்பு தடவியதுபோல் திட்டுத் திட்டாகக்கூடத் தெரியும். ஓரிரு நாளில் உமிழ்நீரில் ஊறி அந்தத் திட்டுகள் அடங்கும். நிறமும் கொஞ்சம் இறங்கும். 'ஒரு காபி குடித்தேன், போட்ட காசு போச்சு' என்ற புலம்பலில் பாதி இந்த இறக்கம்தான். இரண்டு வாரம் கழித்து நிற்பதே உங்கள் நிறம்.

முதல் 48 மணி நேரம் நிறமுள்ளதைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். வெள்ளைச் சட்டையில் சிந்தினால் கறை விழுமா என்று கேட்டுப் பாருங்கள். விழுமென்றால் அது வேண்டாம். இதை எல்லா மருத்துவர்களும் ஒரே கண்டிப்போடு சொல்வதில்லை, ஆய்வுகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. இருந்தாலும் இரண்டே நாள்தான், பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு ட்ரே போடுபவர்கள் கோட்டை விடுவது வேறிடத்தில். அவர்களுக்கு அந்த 48 மணி நேரம் கடைசி ட்ரேயிலிருந்துதான் தொடங்குகிறது. நடுவில் வரும் ஒவ்வொரு நாளும் முதல் நாள் மாதிரிதான். இரவுச் சாப்பாடு முடித்து, பல் துலக்கிவிட்டு ட்ரே போட்டுக்கொள்ளுங்கள். காலையில் எடுத்த கையோடு காபி வேண்டாம். விட முடியாதென்றால் சில மணி நேரம் தள்ளி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

காம்போசிட் ஒளி பட்ட உடனே இறுகிவிடும், ஆனால் உள்ளே இறுகும் வேலை முதல் 24 மணி நேரம் தொடரும். காற்றோடு தொட்டிருக்கும் மேல்படலம் சரியாக இறுகாது. மெருகேற்றும்போது அது முழுக்கப் போகாமல் ஒட்டிக்கொண்டால் அங்கேதான் சாயம் முதலில் ஏறும். முதல் நாள் தாண்டினாலும் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உறிஞ்சும், கூடவே நிறத்தையும். காபி, டீ, மஞ்சள், ரெட் ஒயின், புகை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இங்கே எத்தனை கோப்பை என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் பெரிது. மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சும் ஒரு கோப்பை, பத்து நிமிடத்தில் முடித்துக் கொப்பளித்த இரண்டு கோப்பையைவிட மோசம். குளிர்பானமென்றால் ஸ்ட்ரா உதவும், அதன் முனை முன்பற்களுக்குப் பின்னால் இருந்தால்தான். உதட்டு நுனியில் பிடித்தால் பயனில்லை.

கறை வரும்போது பல்லும் காம்போசிட்டும் சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடாகத் தலைகாட்டும். மேலோட்டமானதென்றால் பாலிஷில் போகும். போகவில்லையென்றால் ஓரம் விலகி, சாயம் அடியில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். ப்ளீச்சிங் ஜெல் காம்போசிட்டை வெளுக்காது, பீங்கானையும் வெளுக்காது. இரண்டும் செய்யும் எண்ணம் இருந்தால் ப்ளீச்சிங் முதலில். பிறகு இரண்டு வாரம் விட்டுத்தான் காம்போசிட். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசினை ஒழுங்காக இறுகவிடாது.

பீங்கான் வெனீரின் மெருகில் காபி ஒட்டாது. நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பவர், அதை விடும் எண்ணமும் இல்லாதவர் என்றால் காம்போசிட்டைவிட இதுவே ஒத்துவரும் என்பேன். ஆனால் யாரும் எதிர்பாராத ஓர் இடைக்காலம் இதில் உண்டு. பல்லைச் சீவியதற்கும் பீங்கான் வருவதற்கும் நடுவே ஒன்றிலிருந்து மூன்று வாரம் தற்காலிக வெனீர் போட்டுவிடுவார்கள். அது பிளாஸ்டிக் வகை, எளிதில் கறை பிடிக்கும். கழற்ற வசதியாக இருக்கட்டுமென்று ஓரிரு புள்ளியில் மட்டும் ஒட்டியிருப்பதும் உண்டு. எனவே அந்த நாட்களில் சூயிங்கம், டாபி, முன்பல்லால் கடிப்பது எதுவும் கூடாது. கழன்று வந்தால் பத்திரப்படுத்தி கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் அதிவேகப் பசையை எடுக்கவே வேண்டாம். சீவிய பல்லில் அது செய்யும் சேதத்துக்கு முன் இரண்டு நாள் பொக்கை ஒன்றுமே இல்லை.

ஒரு முழு ஆப்பிள்

கடியில் கதை தலைகீழ். ஆப்பிளை முழுதாகக் கையில் வைத்துக் கடிக்கும்போது முன்பல்லின் நுனி தோலுக்குள் இறங்குகிறது. அடுத்து கை பழத்தைத் திருகி இழுக்கிறது. சேதம் செய்வது இறங்கும் விசை அல்ல, அந்தத் திருகல். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நுனியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தாலே போதும், அங்கிருந்து விரிசல் ஓடும். அப்படி உடைந்த ஓட்டைப் பெரும்பாலும் புதிதாகச் செய்துதான் ஒட்ட வேண்டும். காம்போசிட்டும் சிதறும், ஒருவேளை அடிக்கடிகூடச் சிதறும். ஆனால் ஒரே வருகையில் அதே இடத்தில் ஒட்டி மெருகேற்றிவிடலாம். நகம் கடிப்பவர், பேனா மூடியை மெல்பவர், பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பவர் அந்தப் பழக்கத்தை விடும்வரை வெனீரைத் தள்ளிப்போடுவதே மேல். ப்ளீச்சிங் செய்தவருக்கு உடைய எதுவுமில்லை. ஆப்பிள் சில்லிட்டிருந்தால் கூசும், அவ்வளவுதான்.

ஆப்பிளை விட்டுவிட வேண்டியதில்லை. விரல் தடிமனில் நறுக்கி, கடைவாயில் போட்டு மெல்லுங்கள். எலும்பிலிருந்து இறைச்சியையும் கதிரிலிருந்து சோளத்தையும் கத்தியால் எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஐஸ் கட்டியைக் கடிப்பது இயற்கைப் பல்லுக்கே ஆகாது. இன்னொன்று: கெட்டியான பண்டத்தைவிட, மெத்தென்ற பண்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொட்டையோ எலும்புத் துண்டோதான் அதிகம் உடைக்கிறது. மெத்தென்றிருக்கிறதென்று தாடை தயங்காமல் இறங்கிவிடும்.

புளிப்பும் சூடும்

வெளுத்த பல்லுக்கு 'வெள்ளை உணவு' என்ற பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது: எலுமிச்சை நீரும் நிறமற்ற சோடா பானங்களும் அதில் தாராளமாக நுழைந்துவிடுகின்றன. எனாமல் கரையத் தொடங்கும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சுமார் 5.5. எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.6 அளவில். நிறம் இல்லை, ஆனால் ப்ளீச்சிங் முடிந்து கூச்சத்தோடிருக்கும் பல்லுக்கு முதல் இரண்டு நாளில் இதைவிடக் கெட்டது கிடையாது. புளிப்புக் குடித்ததும் துலக்காதீர்கள். கொப்பளித்து அரை மணி நேரமாவது விடுங்கள். கூச்சத்துக்கு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

உணவின் புளிப்பு பீங்கானை ஒன்றும் செய்யாது, ஓட்டின் ஓரத்தில் வெளியே தெரியும் உங்கள் சொந்தப் பல்லை அரிக்கும். பீங்கானுக்கு ஆகாத புளிப்பு கிளினிக்கிலேயே இருக்கிறது: அமிலம் சேர்த்த ஃபுளோரைடு ஜெல். அது மெருகை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். வெனீர் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, நடுநிலையான சோடியம் ஃபுளோரைடு கேளுங்கள்.

சூட்டில் காம்போசிட், பல்லைவிட இரண்டு மூன்று மடங்கு விரியும். பீங்கான் ஏறக்குறைய பல்லின் அளவுக்கே. கொதிக்கும் காபிக்கு அடுத்த வாய் ஐஸ்கிரீம் என்ற பழக்கம் காம்போசிட்டின் ஓரத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். மதுவும் பிசினை மென்மையாக்கும், ஆல்கஹால் உள்ள மவுத்வாஷும் அதே கணக்கு. கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், டீ காபியோடு சேர்ந்து எல்லாவற்றின் மேலும் பழுப்பு படிய வைக்கும். எழுதிக்கொடுத்த நாளைத் தாண்டித் தொடராதீர்கள்.

முதல் சாப்பாடு

ப்ளீச்சிங்குக்கு மரத்துப்போகும் ஊசி தேவையில்லை. நுனியில் மட்டும் வைக்கும் காம்போசிட்டுக்கும் பெரும்பாலும் தேவையில்லை, அன்று மதியமே சாப்பிடலாம். வெனீருக்குப் பல்லைச் சீவும்போது ஊசி போட்டிருந்தால் உதடு இரண்டு முதல் நான்கு மணி நேரம் மரத்திருக்கும். அதற்குள் சூடாகக் குடித்தால் வாய் வெந்தது தெரியாது. மென்றால் உதட்டையே கடித்துக்கொள்வீர்கள். உணர்வு வந்தபின் முதல் கவளத்தை மெத்தென்று, வெதுவெதுப்பாக, நிதானமாக மெல்லுங்கள். மெல்லும்போது மற்ற பற்கள் சேரும் முன்பே புதுப் பல் மட்டும் தட்டுகிறதா என்று கவனியுங்கள். தட்டினால் 'போகப் போகப் பழகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, தூக்கலான புள்ளியைச் சில நிமிடத்தில் தேய்த்துவிடுவார். விட்டுவைத்தால் ஒவ்வொரு கவளமும் அதே புள்ளியில் அடிக்கும்.