செல் சுவாசம் கற்பிக்க: முளைப்பயறா, ஈஸ்டா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் செல் சுவாசத்தை, அதாவது செல் உணவைச் சிதைத்து ஆற்றல் பெறுவதை, கையால் செய்து புரிந்துகொள்ள வைக்க இரண்டு வழிகள் எனக்கு முன்னே இருந்தன. ஒன்று, கூம்புக் குடுவையில் முளைகட்டிய பச்சைப்பயறும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வைத்துச் செய்யும் பழைய சோதனை. மற்றொன்று, ஊசியில்லாத சிரிஞ்சில் ஈஸ்ட் கரைசல். இரண்டையும் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு ஈஸ்டையே வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பயறு மளிகைக் கடையில் கிடைக்கும், உலர் ஈஸ்ட் பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும், சிரிஞ்சு மருந்துக் கடையில் சில ரூபாய்தான்.

பயறுச் சோதனையின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. குடுவைக்குள் முளைப்பயறு. அதன் மேலே, நூலில் தொங்கும் சிறு குழாயில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தக்கை வழியாக வெளியே வரும் கண்ணாடிக் குழாயின் மறுமுனை முகவையில் உள்ள நீருக்குள் இருக்கும். பயறு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ அதே அளவு கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. வந்த கார்பன் டை ஆக்சைடை ஹைட்ராக்சைடு உறிஞ்சிவிடுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து குழாயில் நீர் ஏறுகிறது. ஏறிய அளவு, பயறு எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் அளவு. அறிவியலாகப் பார்த்தால் மிக அழகான சோதனை. ஆனால் நீர் ஏறுவதற்கும் பயறு மூச்சு விடுவதற்கும் இடையே மூன்று படிகளை மாணவர் மனத்துக்குள்ளேயே கடக்க வேண்டியிருக்கிறது. ‘பயறு தண்ணீரை இழுக்கிறது’ என்று எழுதும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவது அதுதானே!

இதில் தொல்லைகளும் உண்டு. தக்கையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நீர் ஏறாது. சுற்றிலும் வாசலைன் பூச வேண்டும். குடுவையைக் கையால் பிடித்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகி ஏறிய நீர் இறங்கிவிடும். ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதைக் குழுக்களிடம் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆக, ஆசிரியர் மேசையில் ஒரே குடுவை, மற்றவர்கள் பார்வையாளர்கள்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் முடிவைத் தீர்மானித்தது நேரம். பயறை முந்தைய நாளே ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட வேண்டும். திங்கட்கிழமை வகுப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது அதைக் கவனிக்க வேண்டும். குடுவையை அமைத்த பிறகு நீர் தெளிவாக ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாடவேளையோ நாற்பத்தைந்து நிமிடம். ஒரு வகுப்பு வைத்த சோதனையின் முடிவை அடுத்து வரும் வகுப்பு பார்க்கிறது. நடுவில் ஒரு மாணவி, ‘குளிரில் வைத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். அதற்குள் கேள்வியின் சூடு ஆறிவிடும்.

ஈஸ்டில் அந்தக் கேள்விக்கு அதே பாடவேளையில் பதில் கிடைக்கிறது. நூறு மில்லி வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் அதே அளவு உலர் ஈஸ்டும் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் நுரை கட்டும். அதை ஐந்து மில்லி சிரிஞ்சில் காற்றில்லாமல் இழுத்து, மிதக்காமலிருக்க இரும்பு நட்டு ஒன்றை ரப்பர் வளையத்தால் கட்டி, மேற்பகுதி வெட்டிய தண்ணீர் பாட்டிலில் முனை மேலே இருக்குமாறு நீருக்குள் நிறுத்த வேண்டும். முனையில் கடுகளவு குமிழி தோன்றும், மெல்லப் பருக்கும், ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு பிரிந்து மேலே போகும். நிமிடத்துக்கு எத்தனை என்று பிள்ளைகளே எண்ணிக் குறித்துக்கொள்வார்கள்.

அதன் பிறகு வகுப்பு அவர்கள் கையில். ஒரு குழு ஐஸ் நீரில் வைக்கும்; குமிழிகள் அநேகமாக நின்றுவிடும். இன்னொரு குழு நாற்பது டிகிரி நீரில் வைக்கும். எண்ண முடியாத வேகம். கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்டில் ஒன்றும் வராது. சர்க்கரைக்குப் பதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் போட்டால் ரொட்டி ஈஸ்ட் ஏறக்குறைய சும்மா இருக்கும், அதை உடைக்கும் நொதி அதனிடம் இல்லை. உணவு உள்ளே இருந்தும் உரிய நொதி இல்லாவிட்டால் செல்லுக்குப் பயனில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. நம் ஊர் அறை வெப்பநிலையே முப்பது டிகிரியைத் தொடுவதால் வெந்நீர்த் தொட்டிகூடத் தேவைப்படுவதில்லை.

குமிழியில் இருப்பது கார்பன் டை ஆக்சைடுதானா என்று கேட்பவர்களுக்குச் சுண்ணாம்பு நீர் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்ட் கரைசல் உள்ள மூடிய பாட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வாயுவை அதற்குள் விட்டால் பால்போல் வெளுக்கும்.

ஈஸ்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிரிஞ்சில் நடப்பது நொதித்தல், அதாவது ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையைச் சிதைப்பது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 2தான் கிடைக்கிறது. ஆக்சிஜனோடு நடக்கும் முழுச் சுவாசத்தில் இன்றைய கணக்குப்படி 30 முதல் 32 வரை. பழைய நூல்களில் 36 அல்லது 38. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘சுவாசம்’ என்று பொதுவாகக் காட்டிவிட்டால் பத்தாம் வகுப்பு மாணவருக்குக் குழப்பத்தைத்தான் கொடுப்போம். பாட்டிலைத் திறந்து வைத்தாலும் சிக்கல் தீராது. சர்க்கரை மிகுதியாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கும்போதும் இந்த ஈஸ்ட் நொதித்தலையே நடத்தும். ஆக்சிஜன் பயன்படுவதைக் காட்டுவதில் பயறுக்கு ஈடாக ஈஸ்ட் நிற்காது.

வெப்பக் குடுவையில் (தெர்மாஸ் பிளாஸ்க்) முளைப்பயறை வைத்து வெப்பமானியில் சூடு ஏறுவதைக் காட்டும் முறையும் இருக்கிறது. நான் அதை அதிகம் செய்ததில்லை, எனவே அழுத்திச் சொல்லமாட்டேன். ஒப்பீட்டுக்கு வைக்கும் வேகவைத்த பயறில் பூஞ்சை வந்தால் அதுவும் சூடேறும் என்பதால், பயறைக் கிருமிநாசினியில் அலச வேண்டும் என்பது மட்டும் உறுதி.

ஈஸ்ட் உறையைப் பிரித்த பிறகு ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வகுப்புக்குப் போகுமுன் ஒரு சிட்டிகையைச் சர்க்கரை நீரில் போட்டு நுரைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பதினொன்றாம் வகுப்புக்குப் பயறையும் விடாமல் வைத்திருக்கிறேன். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதமான சுவாச ஈவு அங்கே பாடமாக வருகிறது. மாவுச்சத்துள்ள விதைக்கு 1, எண்ணெய் மிகுந்த ஆமணக்கு முளைக்கும்போது 1க்குக் கீழே என்பதை ஈஸ்டால் காட்ட முடியாது. அந்த வாரத்தில் மட்டும் இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வாங்கிக்கொள்கிறேன்.