230 கிலோவும் தேரி மணலும்: பெரிய அட்வென்ச்சர் பைக் வச்சிருக்கவன் சொல்றது

2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறுச்சுல்ல, 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 28-ல இருந்து 18 சதவீதம், அதுக்கு மேல போனா 40-னு, அதுல இருந்து திருச்செந்தூர்க்காரன் ஒருத்தன் என்னைப் போட்டு அரிச்சுட்டு இருக்கான். "மாப்ள, ஹீரோவோட அந்தச் சின்ன ஆஃப் ரோடு வண்டி எக்ஸ்பல்ஸ் விலை இறங்கிட்டு, அத எடுக்கவா, இல்ல ஒன்ன மாதிரி பெருசா எடுக்கவா, எப்படியும் ஆஃப் ரோடு போகத்தான் கேக்கேன்"னு. போன வாரம்தான் கிளட்ச் மாத்தி வண்டியை எடுத்துட்டு வந்தேன், பில்லு இன்னும் சட்டைப்பையிலயே கிடக்கு, அந்தக் கடுப்புலதான் எழுதுறேன்னு முதல்லயே சொல்லிடறேன். நியாயமா எழுதத்தான் பாக்குறேன்.

என்ன வண்டின்னு சொல்லல. சர்வீஸ் சென்டர் கதை கீழ வருது, வம்பு எதுக்கு. ரெண்டு சிலிண்டர், முன்னாடி 21 இன்ச் வீலு, ஸ்போக்கு, டேங்க் ரொப்பினா 230 கிலோவ ஒட்டி வரும். இந்த கிளாஸ்ல இது ஒண்ணும் அதிகமில்ல. டைகர் 900 ராலி புரோ 228, ஆப்பிரிக்கா ட்வின் 2020 மாடல் 226, அதுலயே தானா கியர் மாத்தற டிசிடி கியர்பாக்ஸ் போட்டா இன்னொரு 10 கிலோ. பிஎம்டபிள்யூ 1300 ஜிஎஸ் 237, அதுக்கு முந்தின 1250 வந்து 249. பெட்டி மாட்டி, கிராஷ் கார்டு மாட்டி, பின்னாடி ஒரு கூடாரத்தையும் கட்டுனா எங்க போய் நிக்கும்னு நீங்களே கூட்டிக்கோங்க.

சரி, நல்லதை முதல்ல சொல்லிடுவோம். ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் இந்த வெயிட்டு தெரியவே தெரியாது. சும்மா சொல்லல. ராதாபுரம் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடிகளுக்கு நடுவுல கம்பெனிக்காரங்க போட்ட செம்மண் ரோடு இருக்குல்ல, அகலமா, சரளைக்கல்லு பரப்பி, அதுல கால் வைக்கற பெக்ல ஏறி நின்னுட்டு மூணாவது கியர்ல போனா வண்டி தரையில ஒட்டிக்கிட்டு ஓடும். சின்ன வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும், இது கல்லையெல்லாம் அமுக்கிட்டு நேரா போயிட்டே இருக்கும், ஹேண்டிலை ரெண்டு விரல்ல பிடிச்சிருந்தா போதும். பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டாம பாத்துக்கற பின்சக்கர ஏபிஎஸ்ஸையும், முறுக்குனா வழுக்காம பாத்துக்கற டிராக்ஷன் கண்ட்ரோலையும் ஆஃப் பண்ணிட்டா (சாவியைத் திருப்புனா மறுபடி ஆன் ஆயிடும், டீ குடிக்க நிறுத்துனாலும் திரும்ப அமுக்கணும், இது ஒரு தனி எரிச்சல்) வளைவுல பின்னாடி லேசா வழுக்கிட்டுப் போற சொகம் இருக்கே, அதுக்காகவே காசு குடுக்கலாம்.

பிரச்சனை ஓடும்போது இல்லங்க, நிக்கும்போதுதான். ஆஃப் ரோடுன்னா பாதி நேரம் நிக்கறதுதான்னு வீடியோ போடுற எவனும் சொல்ல மாட்டேங்கறான். பாதை முடிஞ்சிருச்சா, திருப்பணும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவுல ஆறடி அகலம், ஒரு சக்கரம் பள்ளத்துல, ஒரு சக்கரம் மேட்டுல. 855 மில்லிமீட்டர் சீட்டு, என் ஒசரத்துக்கு ஒரு கால் நுனிதான் தரையில படும், அந்த கால் ஊன்ற எடத்துல பள்ளம் இருந்துச்சோ முடிஞ்சுது கதை. ஒரு எல்லை வரைக்கும் சாஞ்சா தொடையை வச்சு தாங்கிக்கலாம், அதைத் தாண்டிட்டா நாம பிடிக்கற பிடிக்கு அர்த்தமே இல்ல, விட்டுட்டு காலை எடுத்துக்கறதுதான் புத்திசாலித்தனம். பிடிச்சு நிறுத்திடலாம்னு தம் கட்டுறவனுக்குத்தான் முதுகு போகும். பெட்டி மாட்டியிருந்தா கணுக்கால் அதுக்கு அடியில மாட்டும், அதனால நல்ல பூட்ஸ் இல்லாம இந்த வண்டியில மண்ணுல இறங்கவே கூடாது.

சைட் ஸ்டாண்டு அடுத்த கொடுமை. தேரியில, அதான் எங்க ஊர்ப்பக்கத்துச் செம்மணல் மேட்டுல, ஸ்டாண்டு போட்டீங்கன்னா நீங்க ஹெல்மெட் கழட்டறதுக்குள்ள அது மணலுக்குள்ள இறங்கி வண்டி இடப்பக்கமா மெதுவா மெதுவா சாய ஆரம்பிக்கும். அதுக்குன்னு ஆன்லைன்ல ஒரு பிளாஸ்டிக் தட்டு விக்கறான், வாங்குனேன், தொலைச்சேன். இப்போ பனைமட்டைதான். கீழ விழுந்து கிடக்கற மட்டையில அடிப்பக்கம் அகலமா இருக்கும்ல, அதைக் கால்ல தள்ளி ஸ்டாண்டுக்கு அடியில குடுத்தா கிண்ணுன்னு நிக்கும். கையில எடுக்கறப்போ ஓரத்துல இருக்கற கருக்கைப் பாத்து எடுங்க, கிளவுஸையே கிழிச்சிரும்.

தேரி தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடி மாவட்டத்துல குதிரைமொழி, காயாமொழி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் கண்ணுக்கெட்டின வரைக்கும் செக்கச்செவேல்னு மணல் மேடு. காத்து கொண்டுவந்து குவிச்ச மணலு. பனையும் முந்திரியும் நிக்கும். மாவு கணக்கா இருக்கற இடத்துல நடந்தாலே கால் புதையும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் வரைக்கும் தார் ரோடு இருக்கு, அதை விட்டு உள்ளூர்க்காரங்க போற மணல் தடத்துல இறங்கினாத்தான் ஆட்டமே.

மணல்ல ஓட்டுற முறை எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான். டயர்ல காத்தை 20 பிஎஸ்ஐ கிட்ட இறக்கு, வெயிட்டைப் பின்னாடி போடு, திராட்டிலை மூடாத, முன்சக்கரத்தைப் பாக்காம தூரத்தைப் பாரு. இந்த வண்டியும் அப்படி ஓட்டுனா ஓடும், ஓடாம இல்ல. ஆனா எதிர்ல ஆடு வந்துச்சுன்னா? திராட்டிலை மூடித்தான் ஆகணும். மூடினதும் முன்சக்கரம் புதைஞ்சு ஹேண்டில் மடங்கும். சின்ன வண்டின்னா ஒரு காலை ஊனி, ஒரு ஒதை ஒதைச்சு சமாளிச்சுட்டுப் போயிடலாம், இதுல அதெல்லாம் நடக்காது. அப்படித்தான் அன்னைக்கு ஒரு மந்தை குறுக்க வந்து, வெயில் மண்டையைப் பொளக்கற நேரத்துல, வண்டி சேத்துல படுத்த எருமை மாதிரி படுத்துக்கிச்சு.

தூக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல எஞ்சினை அணைச்சு, உருளாம இருக்க கியர்ல போட்டுடணும். வலப்பக்கம் விழுந்திருந்தா ஸ்டாண்டை முன்னாடியே இறக்கி வச்சுக்கணும், நிமித்தறப்போ அந்தப் பக்கம் போய் விழாது. ஹேண்டிலை முழுசா திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டு ஓரத்துல குண்டியை வச்சு, ஒரு கை ஹேண்டில் நுனியில, ஒரு கை பின்னாடி கம்பியில, தொடை பலத்துல குட்டிக்குட்டியா பின்னால அடி வைக்கணும். முழு 230-ஐயும் தூக்கப் போறதில்லதான். சிமெண்ட் தரையில நானே தூக்கிருவேன், செஞ்சு பாத்திருக்கேன். மணல்ல என்ன ஆகுதுன்னா, நீங்க ஒதைக்கற ஒதைக்கு உங்க கால்தான் உள்ள போகுது, வண்டி அப்படியே கிடக்கு. முதல் தடவை தூக்கலாம், ரெண்டாவது தடவையும் தூக்கலாம், அதுக்கப்புறம் கை நடுங்கும், கை நடுங்கினா அடுத்த பத்து மீட்டர்ல மறுபடி போடுவீங்க. வெயிட்டு ஆளைச் சோர்வாக்கும், சோர்வுதான் வண்டியைப் போட வைக்கும்.

ஆட்டுக்காரர்தான் வந்து கை குடுத்தாரு. தூக்கி நிறுத்திட்டு சுத்திச்சுத்திப் பாத்தாரு. "ஏ தம்பி, ஒத்த ஆளு தூக்க முடியாத வண்டியை எதுக்குல இங்கன கொண்டாந்த?" எனக்கு பதில் இல்ல. "அண்ணாச்சி, சும்மா சுத்திப் பாக்க"ன்னேன். அவரு போய் பனை மூட்டுல சாத்தி வச்சிருந்த டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்தாரு, முன்னாடி ஒரு கேனு, பின்னாடி ஒரு சாக்கு, செருப்புக் கால் ரெண்டையும் துடுப்பு போட்டுக்கிட்டே அதே மணல்ல போயே போயிட்டாரு. அந்த வண்டி 90 கிலோகூட இல்ல. என் பூட்ஸ் விலைக்கு அதுல பழசா ஒண்ணு வாங்கிரலாம்.

இதைச் சொன்னா உடனே ஒரு குரூப்பு வரும், டக்கார் பாலைவன ரேஸ்ல பெரிய வண்டி ஜெயிக்கலையான்னு. ஜெயிச்சுது. 1981-ல யூபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூ ஜி/எஸ்ல ஜெயிச்சாரு, 86-ல இருந்து 89 வரைக்கும் ஹோண்டா என்எக்ஸ்ஆர் 750, 2002-ல மியோனி கேடிஎம்மோட ரெட்டை சிலிண்டர் 950-ல. அப்புறம் 450 சிசிக்கு மேல கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, அதுவும் முக்கியமா வேகத்தையும் ஆபத்தையும் குறைக்கத்தான், வெயிட்டு தாங்கலைன்னு இல்ல, அதையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆளுங்க யாரு, நாம யாரு? அதுக்கே பயிற்சி எடுத்து, அதுக்கே பொறந்தவங்க. நாம திங்கக்கிழமை ஆபீஸ் போகணும்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, 1980-ல வந்த அந்த ஆர்80 ஜி/எஸ், 800 சிசி, அந்தக் காலத்துல பெரிய வண்டி, அதோட வெயிட்டே 190 கிலோவுக்கு முன்னபின்னதான். இன்னைக்கு நாம "மீடியம் சைஸு"ன்னு சொல்ற ஹிமாலயன் 450 வந்து 196. எல்லாமே ஊதிப்போச்சு. ஏபிஎஸ்ஸு, கலர் ஸ்கிரீனு, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்டு, ரேடியேட்டருன்னு ஏத்திக்கிட்டே போயி, கடைசியில இதுக்கு அட்வென்ச்சர்னு பேரு. கேட்டலிஸ்ட்டு சட்டத்துக்கு வேணும், ஏபிஎஸ் உயிரைக் காப்பாத்தும், அதெல்லாம் சரி. ஸ்கிரீன்ல எனக்கு பாட்டு பேரு எதுக்குன்னுதான் கேக்கேன்.

கிளட்ச் கதைக்கு வரேன். புதைஞ்ச வண்டியை வெளிய எடுக்க அரை கிளட்ச்லயே வச்சு முறுக்குனா என்ன ஆகும், உள்ள இருக்கற தட்டெல்லாம் தேஞ்சு கருகும், வாசனை ஒரு மாதிரி வரும், வீட்டுக்கு வர்றப்போ டாப் கியர்ல திராட்டில் குடுத்தா ஆர்பிஎம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. இது வண்டி மேல தப்பு இல்ல, இவ்வளவு வெயிட்டை மணல்ல இருந்து இழுக்கற வேலையை எந்த கிளட்சும் ரொம்ப நாள் செய்யாது. தப்பு சர்வீஸ் சென்டர் மேல. பக்கத்துல எதுவும் கிடையாது, லாரியில ஏத்தி வேற ஊருக்கு அனுப்பணும், அங்க பார்ட்ஸ் ஸ்டாக் இல்ல, வரும் வரும்னு வாரக்கணக்குல இழுத்துட்டு, கடைசியில குடுத்த பில்லுல "கன்ஸ்யூமபிள்ஸ்"னு ஒரு வரி, என்னன்னு கேட்டா முழிக்கறாங்க. அந்த மொத்த தொகைக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ்ல பாதி வந்திருக்கும்.

ஆனாலும் கிளட்ச் மாத்தி என் வண்டியை எடுத்துட்டு வந்த அன்னைக்கு சாயங்காலமே நாகர்கோவில் போக வேண்டி வந்துச்சு. ஆரல்வாய்மொழி கணவாய் காத்து தெரியும்ல, முப்பந்தல்ல அத்தன காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான். சீசன்ல அங்க சின்ன வண்டியில போனவங்களுக்குத் தெரியும், பக்கத்துல போற லாரி தாண்டினதும் அடிக்கற காத்துல அடுத்த லேனுக்கே தள்ளிடும், கழுத்து வலிக்கும், பல்லைக் கடிச்சுட்டுப் போகணும். இது அசையல. லேசா சாஞ்சுது, அவ்வளவுதான், நான் பாட்டுக்கு போனேன். அந்த 230 கிலோவுக்கு அங்க மட்டும் கும்புடு போட்டேன்.

அப்போ மாப்ளைக்கு என்ன சொல்ல? கல்லு ரோடு, செம்மண் ரோடு, லடாக், ஸ்பிதின்னு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரோட்டுல போயி நடுவுல கொஞ்சம் மண்ணைத் தொடறதா இருந்தா பெரிய வண்டியை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நீ கேட்டது அது இல்ல. நீ கேட்டது ஆஃப் ரோடு. அதுவும் உன் வீட்டுப் பின்னாடி தேரியை வச்சுக்கிட்டு, பெரும்பாலும் தனியாப் போற ஆளு நீ. எடுக்காத. ஜிஎஸ்டி கூடுதோ குறையுதோ, எடுக்காத. எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோகூட இல்ல, 210 சிசி மாடல்னாலும் 168தான், ஹைவேல 90-க்கு மேல போனா கதறும், கதறட்டும். என் வண்டியை என்ன விலைக்குக் குடுப்பன்னு நேத்து கேட்டல்ல, அது விக்கறதுக்கு இல்ல, மறுபடி கேக்காத.

புது வண்டி எடுத்துட்டா மழை பெஞ்ச மறுநாள் காலையில சொல்லு, மணல் இறுகிக் கிடக்கும், சேந்தே உள்ள போவோம். வரும்போது கயிறு ஒண்ணு எடுத்துட்டு வா, உனக்கு இல்ல, எனக்கு.