“பழசுன்னா அப்படித்தான் சார்”: விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் வாங்கி ஏமாந்த கதை

16,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்ட எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். இரண்டாவதாகக் கேட்டது, “இந்தக் காலத்துல விண்டோஸ் 98 கம்ப்யூட்டரை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?” வாங்குவான். பழைய கேம் ஆட ஆசைப்படுகிறவன் வாங்குவான். பழைய மிஷினை ஓட்டியாக வேண்டிய பட்டறைக்காரர் வாங்குவார். என்னைப் போல அப்பாவின் ஃபைல்களோடு மாட்டிக்கொண்டவனும் வாங்குவான். நீங்களும் இப்போது சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய மதர்போர்டு தேடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அப்பா திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, எல்லாம் பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். எங்கள் ஊர்க் கோயில் தலபுராணத்தையும் அவர்தான் அடித்தார். அச்சடித்த பிரதிகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மறுபதிப்பு போடலாம் என்று ஊரில் முடிவெடுத்தபோது, “ஃபைல் உங்கிட்ட இருக்குமே” என்று என்னிடம் வந்தார்கள். ஃபைல் இருந்தது. திறந்தால் பக்கம் முழுக்க மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகுதான் தமிழக அரசு டாம், டாப் என்று பொதுவான குறியீட்டு முறைகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தது. அப்பா வாங்கியிருந்த மென்பொருளும் அந்த ரகம். அதன் எழுத்துரு இல்லாவிட்டால் ஃபைல் இப்படித்தான் தெரியும். அதோடு ஒரு லாக் வரும்: பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் மாட்டும், தீப்பெட்டி அளவு டாங்கிள். அது இருந்தால்தான் எழுத்துரு எழுந்திருக்கும். யூஎஸ்பி வயரில் பேரலல் போர்ட் தரும் அடாப்டரை மாட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. அந்த மென்பொருள் 378 என்ற பழைய போர்ட் முகவரியை நேராகத் தட்டிப் பார்க்கிறது. அடாப்டரில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. லாக்கின் டிரைவரும் விண்டோஸ் 95, 98-க்கு மட்டும் எழுதியது. ஆக, உண்மையான பேரலல் போர்ட் உள்ள உண்மையான பழைய மெஷின் வேண்டும்.

ஒரு பென்டியம் 2 போதும் என்று அப்பா சொன்னார். கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு பதினெட்டு வயதுக்காரன் உட்கார்ந்திருக்கிறான், கல்லூரியில் அடுத்தவன் ரூமில் மட்டுமே கேம் ஆடியவன். கட்டுவதே கட்டுகிறோம், அன்று வாங்க முடியாததை இன்று கட்டுவோம் என்று பென்டியம் 3 800, இன்டெல்லின் பிஎக்ஸ் சிப்செட் (பாகங்களை இணைக்கும் சில்லுகள்) உள்ள போர்டு, 512 எம்பி ராம், டிஎன்டி2 கிராஃபிக்ஸ் கார்டு, 20 ஜிபி ஹார்டு டிஸ்க் என்று பட்டியல் போட்டேன். “நான் 32 எம்பியில கும்பாபிஷேக மலர் போட்டேன். உனக்கு எதுக்குடா 512?” என்றார் அப்பா. பதில் சொல்லவில்லை.

கடை ரிச்சி தெருவின் உள்சந்து ஒன்றில், மாடியில் இருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் நன்றாகப் பேசுவார். பட்டியலைப் பார்த்ததும், “சார், நீங்க விஷயம் தெரிஞ்சவரு” என்றார். நான் விழுந்தது அங்கேதான். பத்து நாளில் செட் ரெடி. மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினார். நீல மேகம் வந்தது, ஸ்டார்ட் பொத்தான் வந்தது, அந்த இசை வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஐந்து நிமிடம்கூட ஓடியிருக்காது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். கையில் கிடைத்தது, கடை பெயர்கூட இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டு: “கம்ப்யூட்டர் செட் 1.”

வீட்டில் லாக்கை மாட்டியதும் தலபுராணம் தமிழில் வந்து நின்றது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். நாற்பதாவது நிமிடம் எல்லாம் உறைந்தது. மறுபடி போட்டோம், அரை மணி நேரத்தில் மறுபடி. கேம் போட்டால் ஐந்தே நிமிடம்.

கடைக்குப் போன் போட்டேன். “சார், விண்டோஸ் 98 சார் அது. அந்தக் காலத்துல ஹேங் ஆகாத கம்ப்யூட்டர் ஏது? பழசுன்னா அப்படித்தான்.” கேட்டதும் எனக்கே நியாயமாகப் பட்டது. 98 அடிக்கடி உறையும் என்பது ஊரறிந்த விஷயம்தானே. அடுத்த ஒரு மாதம் நான் எது கேட்டாலும் இதே பதில்தான். பழைய பொருள் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயப்பட வேண்டும். எல்லாக் கோளாறையும் வயதின் தலையில் கட்டிவிட்டால், எது வயதால் வந்தது, எது அவர் கையால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் கண்ணில் பட்டது ராம். மெஷின் எழும்போது கறுப்புத் திரையில் எண்ணிக்கை 262144 கேபியில் நின்றது. அதாவது 256 எம்பி. இரண்டு 256 குச்சிகளுக்குப் பணம் கொடுத்திருந்தேன். “98 அவ்வளவுதான் சார் பார்க்கும்” என்றார். இது அரை உண்மை, அதனால் முழுப் பொய்யைவிட மோசம். 98-க்கு ராம் அதிகமானால் தகராறு உண்டு. ஆனால் அது 512-ஐத் தாண்டும்போதுதான் ஆரம்பிக்கும், அதற்கும் சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலில் வீகேஷ் (டிஸ்க் தகவலை ராமில் தற்காலிகமாக வைக்கும் இடம்) அளவைக் கட்டுப்படுத்தி ஒப்பேற்றலாம். தவிர, அந்தக் கறுப்புத் திரை வரும்போது விண்டோஸே இன்னும் எழவில்லை, எண்ணுவது பயாஸ், அதாவது மெஷினை முதலில் எழுப்பும் போர்டின் சொந்த மென்பொருள். உண்மைக் காரணம் வேறு. பிஎக்ஸ் சிப்செட்டுக்கு 256 எம்பி குச்சி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சில்லு உள்ளதாக இருக்க வேண்டும். பின்னால் வந்த, எட்டே சில்லு உள்ள அடர்த்தி ரகத்தைப் போட்டால் பாதியைத்தான் பார்க்கும். எட்டு சில்லு ரகம் மலிவு, தெருவில் கொட்டிக் கிடக்கிறது. வாங்கும்போது சில்லை எண்ணுங்கள். ஒரு நிமிட வேலை.

கிராஃபிக்ஸ் கார்டு கதை சின்னது. சிப்பின் மேல் ஹீட்சிங்க் ஒட்டியிருந்ததால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. டிரைவரைப் புதிதாகப் போட்டதும் டிஸ்ப்ளே ப்ராப்பர்டீஸில் “டிஎன்டி2 மாடல் 64” என்று வந்தது. அது எம்64, மெமரிக்குப் போகும் பாதை 128 பிட்டுக்குப் பதில் 64 பிட். 1999-இல் கம்பெனியே விற்ற மலிவுப் பதிப்பு. கடைக்காரர் டிஎன்டி2 என்று சொன்னது எழுத்துப்படி பொய் இல்லை, பாருங்கள்.

ஹார்டு டிஸ்க் “சீல் பிரிக்காத பழைய ஸ்டாக்” என்று வாங்கியது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலை எடுத்துப் பார்த்தேன்: ஓடிய நேரம் 41,000 மணிக்கு மேல். இரவு பகலாக நாலரை வருஷத்துக்கும் மேல். ஏதோ ஆபீஸ் சர்வரில் உழைத்துக் களைத்த டிஸ்க்.

இவ்வளவு தெரிந்தும் உறைவதற்குக் காரணம் பிடிபடவில்லை. 2000-களில் ஊர் ஊராகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்த நண்பனைக் கூப்பிட்டேன். அவன் பயாஸுக்குள் போய்ப் பார்த்ததும் சிரித்தான். போர்டின் பஸ் வேகம், அதாவது ப்ராசஸரும் மற்ற பாகங்களும் பேசிக்கொள்ளும் வேகம், 133 மெகாஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருந்தது. பிஎக்ஸ் 1998-இல் வந்தது. இன்டெல் அதற்குக் கொடுத்த அதிகபட்சம் 100. 133-க்கு ஏற்றலாம், பல போர்டுகள் தாங்கும், அன்றைக்கே இதை ஆசையாகச் செய்தவர்கள் உண்டு. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும் ஏஜிபி ஸ்லாட்டுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு போகும். 66-இல் ஓட வேண்டியது 89-இல் ஓடும். சில கார்டுகள் தாங்கும், சிலது தாங்காது. என்னுடையது ஐந்து நிமிடம் தாங்கியது.

நண்பன் பஸ்ஸை 100-க்கு இறக்கினான். பஸ்ஸின் ஆறு மடங்குதான் இந்த ப்ராசஸரின் வேகம், திரையில் 600 மெகாஹெர்ட்ஸ். நான் துள்ளினேன், “மாட்டினான்!” அவன், “அவசரப்படாதே” என்றான். 800இபி என்று ஒரு ப்ராசஸர் உண்மையிலேயே உண்டு. அதுவும் 133-இன் ஆறு மடங்குதான். 100-இல் போட்டால் அதுவும் 600 காட்டும். கடைக்காரர் இதைத்தான் சொல்வார், சொல்லவும் செய்தார். ப்ராசஸரைக் கழற்றினோம். ஸ்லாட் 1 ரகம், வீடியோ கேசட்டைக் குள்ளமாக்கிய மாதிரி நிற்கும். மேல் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர்: 800இபி/256/133/1.65வி. ஓரத்தை நகத்தால் நெருடினான். எழும்பியது. அடியில் இன்டெல்லின் சொந்த அச்சு: 600இ/256/100/1.65வி. பக்கத்திலேயே எஸ்எல் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு. தேடினால் அதுவும் 600 என்றுதான் சொன்னது. வேகம், கேஷ், பஸ், வோல்டேஜ் என்று இன்டெல் வரிசையாகவே அச்சடித்து வைத்திருக்கிறது. அதன் மேல் எவனோ உட்கார்ந்து ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறான். அந்த உழைப்பை நினைத்தால் ஒரு பக்கம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

100-இல் போட்டதும் கேம் ஓடியது. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனது. நண்பன் டார்ச் அடித்து ப்ராசஸர் ஸ்லாட் பக்கத்தைப் பார்த்தான். “இங்க கை வெச்சிருக்காங்கடா.” வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் மூன்று மட்டும் வேறு நிறம், வேறு உயரம். போர்டைத் திருப்பினால் அந்த மூன்றின் கால்களைச் சுற்றி, சால்டர் வைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸ் பழுப்பாகக் காய்ந்திருந்தது. 2000-ஐ ஒட்டி வந்த பல போர்டுகளில் கெபாசிட்டர் உப்பி வெடிப்பது உலகம் முழுக்க நடந்த கூத்து. மாற்றுவது தப்பே இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் நொடிக்கு லட்சக்கணக்கான முறை சுவிட்ச் ஆகிறது. அதற்கு லோ ஈஎஸ்ஆர், அதாவது உள்மின்தடை குறைந்த ரகம் வேண்டும். இவர்கள் போட்டிருந்தது டிவி ரிப்பேர் கடையில் கிடைக்கும் சாதாரண ரகம், மதிப்பும் குறைவு. சூடேறியதும் மின்சாரம் தள்ளாடும், மெஷின் விழும். கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டியது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனேன். ஸ்டிக்கரைப் பிரித்த ப்ராசஸரை மேசையில் வைத்தேன். அவர் அதிர்ச்சியே அடையவில்லை.

“நான் ஒட்டினது இல்ல சார். எனக்கு வந்ததே அப்படித்தான்.”

“சரி, கெபாசிட்டர்?”

“ஓடுற மாதிரி பண்ணிக் கொடுத்தோம்ல? பழைய பொருளுக்குப் போய் கேரண்டி கேக்கறீங்களே, பழைய சோத்துல ஆவி வரலைன்னு சண்டை போடுவீங்களா?”

பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. பிறகு, “அந்த லாக்கை இங்க விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் வெச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்கறேன்” என்றார். இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது. விடவில்லை. அந்த லாக் தொலைந்தால் இன்னொன்று தர இன்று ஆள் கிடையாது. போர்டு போனால் பணத்தோடு போகும். லாக் போனால் அப்பா அடித்த அத்தனை பக்கமும் போகும். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால், எந்தக் கடையிலும் ஒரு மணி நேரம்கூட விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை 6,000 ரூபாய் கொடுத்து, போர்டையும் ப்ராசஸரையும் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். கேபினெட்டும், ராமும், கிழட்டு டிஸ்க்கும் என்னிடம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகனிடம் கேட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல கடை பேரு எங்கண்ணா இருக்கு? என்ன ப்ராசஸர்னு எங்க இருக்கு?” என்றான். பில்லில் ப்ராசஸரின் அந்த ஐந்தெழுத்துக் குறியீட்டையும் டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லியிருந்தால் கதை வேறு. எழுத மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

தலபுராணம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அம்பத்தூரில் தெரிந்தவரின் பட்டறை ஸ்டோர் ரூமில் ஒரு பென்டியம் 2 மெஷின் கிடந்தது, 64 எம்பி ராம். தூசி தட்டி, பயாஸ் பேட்டரியை மாற்றி, அரை நாள் ஓட்டிப் பார்த்து எடுத்து வந்தேன். விலை ஒரு கிலோ மைசூர்பாகு. லாக் மாட்டியதும் எழுந்தது, இன்றுவரை ஒரு முறைகூட உறையவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும், “64 எம்பி” என்று அழுத்திச் சொல்கிறார். பக்கம் பக்கமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் இணையத்தில் ஒரு விற்பனை விளம்பரம் கண்ணில் பட்டது. “பென்டியம் 3 800, பிஎக்ஸ் போர்டு, ஃபுல்லி டெஸ்டட், கலெக்டர்ஸ் ஐட்டம்.” விலை 9,000 ரூபாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் மூலை உடைந்திருக்கிறது. மூன்றாவது பிசிஐ ஸ்லாட்டை ஒட்டி, நண்பனின் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி விழுந்த அதே கீறல். ப்ராசஸர் மேல் புது ஸ்டிக்கர். அந்த மூன்று கெபாசிட்டர் இருக்கும் இடத்தின் மேல் மட்டும், விசிறியின் ஒயரை அழகாகச் சுருட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.