ஆவரசா, அடம்பனா? தண்ணீர் குறைந்த வளவுக்கு எந்தக் காட்டுப்பூ

கொக்குவிலில் இருக்கும் என் மச்சாள் போன மாதம் கேட்டா, "படலைக்குப் பக்கத்தில ஒரு பூமரம் வைக்கவேணும், ஆனா தண்ணி ஊத்த ஆளில்லை, என்ன வைக்கலாம்?" என்று. நான் உடனே ஆவரசு என்றேன். பக்கத்தில் இருந்த சின்னம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பத்தைச் செடியைப் போய் வாசலில வைக்கிறதோ பிள்ளை, அதுக்கு அடம்பனைப் படரவிட்டாலும் வடிவாயிருக்கும்" என்று சொல்லிவிட்டா. அன்று தொடங்கிய கதை இன்னும் ஓயவில்லை. அதனால் இரண்டையும் வளர்த்துப் பார்த்தவள் என்ற முறையில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஏன் காட்டுப்பூ? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். மழையில் பெரும்பங்கு ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பருக்குள் பெய்து முடிந்துவிடும், மிச்ச மாதமெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய கிணற்றுத் தண்ணீர்தான். ஆடி ஆவணியில் சோளகக் காற்று அடிக்கிற நேரம் எங்கள் வடமராட்சிக் கிழக்கு வீட்டுக் கிணறு சவர்த்துவிடும். அந்தத் தண்ணீரை ஊற்றி நான் இரண்டு வருடம் ரோசாவைக் காப்பாற்றப் பார்த்தேன். இலை ஓரம் கருகிக் கருகியே செத்தது. விற்றவர்கள் "எந்த மண்ணிலும் வரும்" என்றுதான் சொல்லித் தந்தார்கள். அதே நேரம் வேலிக்கு வெளியே, யாரும் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட ஊற்றாத இடத்தில், கடற்கரை மணலில் படரும் அந்த அடம்பன் கொடி ஊதாப்பூப் பூத்துக் கிடந்தது. பிறகு எதற்கு ரோசா?

ஆவரசை ஆவாரை என்றும் சொல்வோம், தாவரவியலில் சென்னா ஓரிகுலேட்டா. இதன் விதைத்தோல் சரியான கடினம். அப்படியே மண்ணில் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். காய்ந்த காய் தட்டையாக, கடதாசி மாதிரி இருக்கும். அதை உடைத்து விதையை எடுத்துச் சீமெந்துத் தரையில் லேசாகத் தேய்த்து, கொதிக்கவைத்து இறக்கிய சுடுதண்ணீரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் ஊதியிருக்கிற விதையை மட்டும் எடுத்து நடலாம். ஊதாததை இன்னொரு முறை தேய்த்துப் போட வேண்டும். புரட்டாசி கடைசியில், மழைக்குச் சற்று முன், நிற்கப்போகிற இடத்திலேயே நேராக ஊன்றுவது நல்லது, ஏனென்றால் இதன் ஆணிவேர் வேகமாகக் கீழே போய்விடும். பிறகு பிடுங்கி நட்டால் முகம் வாடி நிற்கும், பலது தப்பாது. பொலித்தீன் பையில் போடுவதென்றால் நாலைந்து இலை வந்தவுடன் மண் உடையாமல் இறக்கிவிடுங்கள்.

முதல் மாரி முடிகிறவரை தண்ணீரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அப்புறம் வரும் முதல் கோடையில் மட்டும் நான் கிழமைக்கு ஒரு வாளி ஊற்றினேன். அடுத்த வருடம் மஞ்சளாகப் பூத்தது, அதற்குப் பிறகு நான் தண்ணீர் ஊற்றியதே இல்லை. செம்பாட்டு மண்ணிலும் வரும், கல்லுப் பூமியிலும் வரும், மணலிலும் வரும். தாங்காத ஒன்று, வேரில் தண்ணீர் தேங்குவது. கார்த்திகை வெள்ளம் இரண்டு நாள் நிற்கிற பள்ளமென்றால் அங்கே வைக்காதீர்கள், அல்லது ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் குவித்து அதில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரைக் குடும்பத்துச் செடிதானே, மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும் என்று சிலர் சொல்வார்கள். சென்னா இனங்களில் பெரும்பாலும் வேர்முடிச்சே கிடையாது, ஆகவே பசளைக்காக இதை நடாதீர்கள். வண்டுக்காக நடுங்கள்! இந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் சிறு துளையுள்ள மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும். கருத்த பெரிய வண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்துத்தான் அதை உதிர்க்கும். அந்த "ர்ர்ர்" சத்தத்தை விடியக்காலை பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள், எனக்கு அந்தச் சத்தத்துக்காகவே இந்தச் செடி வேண்டும். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் இலையில் முட்டையிடும். பச்சைப் புழு இலையைக் கடித்தால் மருந்து அடிக்க ஓடவேண்டாம், அடுத்த மழையோடு புது இலை வரும்.

பூவைக் காயவைத்து அவித்துக் குடிப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. தெற்கே சிங்களத்தில் ரணவரா என்பார்கள், மாத்தறைத் தேயிலை என்று இதற்கு ஒரு பழைய பெயரே இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

சரி, சின்னம்மாவின் அடம்பனுக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால் பூவின் வடிவில் அடம்பன்தான் மேல். ஆனால் காலையில் விரிந்த பூ மத்தியானத்துக்குப் பிறகு சுருண்டுவிடும், வேலைக்குப் போய் மாலையில் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பூவைக் காண்பார்கள். ஆவரசு நாள் முழுதும் மஞ்சளாக நிற்கும்.

வளர்ப்பதில் அடம்பனைப் போல இலகுவானது வேறில்லை. ஒன்றரை அடித் தண்டு, மூன்று நாலு கணு இருந்தால் போதும். இரண்டு கணுவை ஈரமணலில் புதைத்துவிட்டால் கணுவுக்குக் கணு வேர் விடும். சவர்த் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, உப்புக் காற்றும் அப்படித்தான். மணற்காட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பழைய அந்தோனியார் கோயிலை மூடிய மணலை. அப்படிப்பட்ட மணலைப் பிடித்து நிறுத்துகிற வேலையைத்தான் இந்தக் கொடி செய்கிறது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போங்கள். பழைய நெய்தல் பாட்டுகளில் அடும்பு என்று வருவதும் இதுதான். அங்கே இலையை மானின் குளம்புக்கு ஒப்பிடுவார்கள், லத்தீன் பெயரோ ஆட்டின் காலைச் சொல்கிறது.

அந்த மிடுக்குத்தான் சின்ன வளவில் தொல்லை. கொக்குவில் மாதிரி மூன்று பரப்புக் காணியில், மதிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் விட்டால் ஒரு மாரிக்குள் முற்றத்துக்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை வெட்ட வேண்டும், வெட்டிப் போட்ட துண்டும் ஈரத்தில் வேர் விடும். நிழல் இருந்தால் இலை மட்டும் தழைக்கும், பூ கிடையாது. மச்சாள் வீட்டில் இரண்டு மாமரம் நிற்கிறது. தண்டு எடுக்கப் போகிறவர்கள் மணல்மேட்டிலிருந்து கொடியை வேரோடு இழுக்காதீர்கள், அங்கே மணல் இளகிவிடும். வீதியோரம் படர்ந்த நுனித் துண்டு இரண்டு போதும்.

விட்டுணுகிராந்தியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சின்ன நீலப்பூவில் எனக்கும் ஆசைதான், ஆனால் நான் மூன்று முறை பிடுங்கி நட்டு மூன்று முறையும் சாகக்கொடுத்தேன். தானாக முளைத்த இடத்தில் புல்லுச் செருக்காமல் விடுவதுதான் அதற்கு வழி. கடையில் சாடியில் விற்கிற பெரிய நீலப்பூ பிரேசிலிலிருந்து வந்த இனம், அது வேறு. கார்த்திகைப்பூவோ மாரிக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுக் கிழங்குக்குள் அடங்கிவிடும், கிழங்கும் கொல்லும் நஞ்சு. மச்சாள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறான், அதனால் அது வேண்டவே வேண்டாம்.

ஆக, கடற்கரை மணலும் சவர்க் கிணறும் பெரிய வளவும் உள்ளவர்கள் அடம்பனை யோசிக்காமல் வைக்கலாம், எங்கள் வீட்டு வெளிவேலியில் அதுதான் படர்கிறது. கொக்குவில் இருக்கிற வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணுக்கும் சின்னக் காணிக்கும் ஆவரசு. வாசலில் பத்தையாக நிற்குமே என்ற சின்னம்மாவின் கவலைக்கும் வழி இருக்கிறது. பூத்து ஓய்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடித்து உருண்டையாக வரும்.

மச்சாளுக்கு இருபது விதை தேய்த்துச் சுடுதண்ணீரில் போட்டேன், பதினொன்று ஊதியிருக்கிறது. படலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மிச்சத்தில் இரண்டு சின்னம்மாவுக்கு.