ரூட் டிஸ்க்கைக் கெர்னலுக்கு எப்படிச் சொல்வது: யூயூஐடியா, பார்ட்யூயூஐடியா?

லினக்ஸ் பூட் ஆகும்போது ரூட் ஃபைல்சிஸ்டம் (சிஸ்டத்தின் முக்கிய ஃபைல்கள் உள்ள இடம்) எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னல் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) ‘ரூட்=’ போட்டுச் சொல்கிறோம். அங்கே எஸ்டிஏ2 போன்ற டிவைஸ் பெயர் வேண்டாம். இன்னொரு டிஸ்க் செருகினாலே எஸ்டிஏவும் எஸ்டிபியும் இடம் மாறலாம். லேபிள் (ஃபைல்சிஸ்டத்துக்கு நாம் வைக்கும் பெயர்) படிக்கச் சுலபம், ஆனால் இரண்டு டிஸ்க்கில் ஒரே லேபிள் இருந்தால் குழப்பம்தான். பார்ட்லேபிளை (பார்டிஷனுக்கு, அதாவது டிஸ்க்கின் ஒரு பகுதிக்கு, வைக்கும் பெயர்) நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் சிபாரிசு செய்யமாட்டேன். மீதி இரண்டு, ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்ணான யூயூஐடியும் பார்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடியும். இவற்றில், சிறு போர்டுகளுக்கும் சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னலுக்கும் என் தேர்வு பார்ட்யூயூஐடி.

காரணம், அதைக் கெர்னல் தானாகவே படித்துவிடும். யூயூஐடி ஃபைல்சிஸ்டத்தின் சூப்பர்பிளாக்கில் (ஃபைல்சிஸ்டம் தன்னைப் பற்றிய விவரங்களை வைக்கும் இடம்) இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் கிடைக்கும் முன் மெமரியில் ஏறும் சிறு தற்காலிக ஃபைல்சிஸ்டம்) வேண்டும். பார்ட்யூயூஐடி பார்டிஷன் டேபிளிலிருந்தே கிடைக்கிறது. எம்பிஆர் (பழைய வகை பார்டிஷன் டேபிள்) டிஸ்க்கில் அது 8 இலக்க டிஸ்க் அடையாளமும் பார்டிஷன் எண்ணும் சேர்ந்தது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் ‘-02’ என்று முடிவது இதுதான்.

பராமரிப்பில்தான் வித்தியாசம் தெரியும். பூட் பார்டிஷன் நிரம்பிவிட்டால் புதுக் கெர்னல் வந்தும் அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போகும். யூயூஐடி எழுதியிருந்தால் அடுத்த பூட்டில் ‘அன்னோன்-பிளாக்(0,0)’ என்று கெர்னல் பேனிக் (கெர்னல் பிழை காட்டி நின்றுவிடும்). பார்ட்யூயூஐடி என்றால் பூட் ஆகிவிடும், ஆனால் டிஸ்க் டிரைவரும் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தின் டிரைவரும் கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். டெபியன் கெர்னலில் எக்ஸ்ட்4 தனி மாட்யூல் (கெர்னலுக்கு வெளியே தனி ஃபைலாக இருப்பது). அங்கே இதுவும் கைகொடுக்காது. எஸ்டி கார்டு, யூஎஸ்பி டிஸ்க் தாமதமாகத்தான் தென்படும் என்பதால் கெர்னல் வரியில் ‘ரூட்வெயிட்’ (டிஸ்க் தென்படும்வரை காத்திருக்கச் சொல்வது) கட்டாயம். பேனிக் செய்தியின் அடைப்புக்குள் (0,0)-க்குப் பதில் (8,2) போல எண் வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது. ஃபைல்சிஸ்டம் டிரைவரையோ ஃபைல்சிஸ்டத்தையோ பாருங்கள்.

லக்ஸ் (டிஸ்க் குறியாக்கம்), எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகிர்ந்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் எப்படியும் தேவை. அங்கே யூயூஐடியே போதும். பார்டிஷன் டேபிளைப் புதிதாகப் போட்டாலும் யூயூஐடிக்குச் சாதகம் உண்டு: புது எக்ஸ்ட்4-க்கு டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் பழைய எண்ணையே கொடுத்துவிடலாம்.

டிடி கட்டளை போட்டு முழு டிஸ்க்கையும் குளோன் செய்தால் இரண்டு எண்களும் அப்படியே நகலாகும். இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்டி பூட் செய்யாதீர்கள். ஜிபிடி (புதிய வகை பார்டிஷன் டேபிள்) என்றால் எஸ்ஜிடிஸ்க்கின் பெரிய ஜி ஆப்ஷன், எம்பிஆர் என்றால் எஃப்டிஸ்க்கில் எக்ஸ், பிறகு ஐ கொடுத்து பார்ட்யூயூஐடியை மாற்றுங்கள். கெர்னல் வரியோடு எஃப்எஸ்டேபையும் (எந்தப் பார்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் ஃபைல்) திருத்த வேண்டும். அதில் பூட் பார்டிஷனுக்குப் பழைய எண் இருந்தால், சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் நிரல்) 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும்.