ராலே சைக்கிளின் பழைய பச்சை: மீட்ட வண்ணமும் அது தாங்கிய விதமும்

நான் அன்றாடம் ஓட்டுவது 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் உருவான ராலே சைக்கிள். பின்சக்கரத்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆண்டும் மாதமும் எண்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இடையில் யாரேனும் சக்கரத்தை மாற்றியிருக்கலாம் என்பதால் அந்த எண்ணை மட்டுமே ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் வண்டியின் காலத்தையும் அக்காலத்துக்குரிய வண்ண அமைப்பையும் தேடுவதை அங்கிருந்து தொடங்கலாம். என்னிடம் வந்தபோது பிரேம், மட்கார்டு, செயின் கவர் என எல்லாவற்றின் மீதும் தூரிகையால் தடிமனாகக் கறுப்புப் பெயின்ட் பூசப்பட்டிருந்தது. அதன் அடியில் இருந்த அடர்பச்சையையும் பொன்னிறக் கோடுகளையும் வெளிக்கொணர்ந்து, பல மழைக்காலங்கள் ஓட்டிய பின் இதை எழுதுகிறேன்.

வெயில் படாத இடங்களில்தான் தொழிற்சாலையின் நிறம் கெடாமல் இருக்கும். ஹெட் டியூபில் (ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள முன்குழாய்) உள்ள ராலேயின் நாரை முத்திரையின் அடியிலும், செயின் கவரைப் பிடிக்கும் பட்டைகளுக்குக் கீழேயும், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்புறத்திலும் கிடைத்த பச்சை, மேல்குழாயில் கறுப்பை நீக்கியபின் தெரிந்த பச்சையைவிடத் தெளிவாகவே ஆழமாக இருந்தது. இரண்டில் எதற்கு ஏற்ப நிறம் கலப்பது என்ற கேள்வி இங்கே எழும். முழு வண்டிக்கும் புதிதாகப் பெயின்ட் அடிப்பவர் முத்திரையின் அடியில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும்; என்னைப் போல் விடுபட்ட இடங்களை மட்டும் நிரப்புபவர் பக்கத்தில் இருக்கும் வெளிறிய நிறத்துக்கே கலக்க வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு ஒட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளி நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பூசிய ‘ஃபிளாம்பாயன்ட்’ வகை வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றின் நிறம் இரண்டு அடுக்குகளின் சேர்க்கை என்பதால், ஒரே டப்பாப் பெயின்டில் அதைக் கொண்டுவர முடியாது.

மேற்பூச்சை நீக்க முடிந்ததற்குக் காரணம் எளிது. தொழிற்சாலையில் பூசிய எனாமல் சூளையில் சுட்டு இறுக வைக்கப்பட்டது. பின்னாளில் தூரிகையால் பூசியது காற்றில் உலர்ந்தது. ஆகவே மிதமான கரைப்பானில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் மேலுள்ளதே முதலில் இளகுகிறது. கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துப் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியில் ஒற்றியெடுப்பதே முறை.

பொன்னிறக் கோடுகளும் எழுத்துகளும் எனாமலுக்கு மேலே, வார்னிஷின் பாதுகாப்பில் மட்டும் இருப்பவை. கரைப்பான் பட்டால் அவையும் மேற்பூச்சோடு வந்துவிடும். அந்த இடங்களில் பிளாஸ்டிக் சுரண்டியும் பாலிஷ் பசையும் மட்டுமே பயன்பட்டன. வேலையின் பெரும்பகுதி நேரத்தை இதுவே எடுத்துக்கொண்டது, அதற்குக் கிடைத்த பலனும் பெரிது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேலிருந்து இறங்கும் கோடு, தொடங்கும் இடத்தில் சற்றே தடித்தும், கீழே வர வர மெலிந்தும், மூலையில் அடுத்த கோட்டின் மேல் மயிரிழை அளவு ஏறியும் இருப்பது தெரிகிறது. நீண்ட மயிர்த் தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்த கையின் தடம் அது. ஸ்டிக்கர் கோடுகளை நான் ஒட்டாததற்கு வேறு காரணம் தேவையில்லை.

செயின் கவரில் அழிந்துபோயிருந்த கோட்டைத் தூரிகையால் மீண்டும் வரைந்தேன். வெண்கலத் தூள் கலந்த பொன்னிறப் பெயின்ட் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. ஆகவே வார்னிஷ் மூடிய பகுதியில் இன்றும் பளிச்சென்றும், கால்சட்டை உரசி வார்னிஷ் தேய்ந்த பகுதியில் பழுப்பேறியும் இருக்கிறது. வார்னிஷுமே சற்று மஞ்சளித்துள்ளது, இதைக் குறையாக நான் எண்ணவில்லை; பழைய கோடுகளின் நிறத்தோடு புதியது நெருங்கி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் டியூபில், நீரில் நனைத்து ஒட்டும் புதிய எழுத்து மட்டும் ஏமாற்றம் தந்தது: இரண்டு பூச்சு வார்னிஷுக்குப் பிறகும் அதன் ஓரம் ஈரத்தில் மெல்ல எழும்புகிறது.

தூரிகையால் நிரப்பிய பச்சை எனாமல், குதிகால் உரசும் செயின்ஸ்டேயிலும் (பெடல் பகுதியிலிருந்து பின்சக்கர அச்சுக்குச் செல்லும் குழாய்), பிரேக் கம்பி அசைந்து தொடும் ஹெட் டியூபிலும் பெயர்ந்தது. சுட்ட எனாமலின் கடினம் அதற்கு வராது. பிற இடங்களில் குறை சொல்ல ஏதுமில்லை. இரும்பு வெளியே தெரியும் இடங்களுக்குப் பெயின்ட் பூசாமல் மெழுகு மட்டும் தடவி வருகிறேன்; மழையில் ஓட்டியபின் துடைத்து, தேவைப்படும்போது மெழுகைப் புதுப்பித்தால் துரு பரவுவதில்லை.

வீட்டிலுள்ள மற்றொரு பழைய வண்டிக்குப் பவுடர் கோட்டிங் செய்யப்பட்டிருக்கிறது. சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிப் படியும் அந்தப் பூச்சு உரசலைத் தாங்குவதில் என் எனாமலை எளிதாக வெல்கிறது. ஆனால் அதன் தடிமனில் லக்குகளின் (பிரேம் குழாய்களை இணைக்கும் உலோக உறைகள்) கூர்மையான விளிம்புகள் மழுங்கி, பிரேம் எண் படிக்க முடியாமல் போயிற்று. கல் பட்டுப் பெயர்ந்த ஓரிடத்திலிருந்து துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து, மேலே கொப்புளமாகத் தெரிந்த பிறகே கண்ணில் பட்டது. பழைய பெயின்டில் ஏதும் மிஞ்சாத, தினமும் மழையில் நிற்கும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைப்பேன். இரண்டு பொருள் கலந்து தெளிக்கும் பாலியூரித்தேன் பெயின்டின் பளபளப்பும் உறுதியும் நல்லவைதான், ஆனால் அதன் நச்சுத்தன்மையுள்ள ஐசோசயனேட் புகைக்கு வெளிக்காற்று செலுத்தும் முகமூடி வேண்டும். வீட்டு வராந்தாவில் செய்யும் வேலையல்ல.

இப்போது மீதமிருப்பது பின் மட்கார்டின் நுனியில் உள்ள வெள்ளைப் பட்டை. சக்கரம் வாரியடிக்கும் சரளைக் கற்களால் அதன் கீழ் விளிம்பு பொரிந்திருக்கிறது. அங்கே சற்று மஞ்சள் கலந்த வெள்ளை எனாமலைத் தொட்டு நிரப்பிவிட்டு, பச்சையும் வெள்ளையும் சந்திக்கும் பழைய எல்லையை அப்படியே விட்டுவிடப் போகிறேன்.